சுறா வருவதைக் காதால் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் முதல் வாரத்தில் செய்யும் வேலை படம் பார்ப்பதுதான். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் முன்னால் இருப்பது டிவி அல்ல. அதில் ஒரு காட்சியை நிறுத்தலாம், பின்னால் போகலாம், ஒரே 10 விநாடியை நூறு முறை கேட்கலாம், வேகத்தைக் குறைக்கலாம். இந்த வசதிகளை வைத்துக் கொண்டு நான் பல ஆண்டுகளாக ஒரு பொழுதுபோக்கில் ஈடுபட்டு வருகிறேன். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த ஆங்கிலப் படங்களின் பின்னணி இசையைப் பிரித்துக் கேட்பதுதான் அது. இதற்கு இசை படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. நானும் படித்தவன் இல்லை. மவுஸும் ஹெட்போனும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

என்னென்ன தேவை?

முதலில் ஹெட்போன். லேப்டாப்பில் இருக்கும் சிறிய ஸ்பீக்கர்களில் டபுள் பேஸ் போன்ற பெரிய வாத்தியங்களின் அடி ஒலிகள் சரியாக வராது. பின்னணி இசையின் பயமுறுத்தல் எல்லாம் அந்த அடி ஒலியில்தான் இருக்கிறது.

அடுத்து விஎல்சி மீடியா பிளேயர். இது இலவசம். டிவிடி, எம்பி3 என எல்லாவற்றையும் இயக்கும். இதை இன்ஸ்டால் செய்த பிறகு வியூ மெனுவில் அட்வான்ஸ்டு கண்ட்ரோல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூடுதலாகச் சில பட்டன்கள் தோன்றும். அவற்றில் ஏ, பி என்ற எழுத்துகள் உள்ள பட்டனைக் கவனியுங்கள். நீங்கள் விரும்பும் இடம் தொடங்கும்போது ஒரு முறையும் முடியும்போது இன்னொரு முறையும் அதை அழுத்தினால், அந்தப் பகுதி மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கும். மூன்றாவது முறை அழுத்தினால் நின்றுவிடும். ஷிப்ட் கீயுடன் இடது அம்புக்குறியை அழுத்தினால் 3 விநாடியும், ஆல்ட் கீயுடன் அழுத்தினால் 10 விநாடியும் பின்னால் போகலாம்.

யூடியூபில் கேட்பவர்களுக்கும் வழி உண்டு. ஜே கீ 10 விநாடி பின்னால் கொண்டு போகும். எல் கீ 10 விநாடி முன்னால் கொண்டு போகும். அவ்வளவுதான் தேவை. இனி இசைக்குப் போகலாம்.

திரும்பி வரும் மெட்டு

ஒரு பாத்திரத்துக்கு, ஓர் இடத்துக்கு, ஒரு பயத்துக்கு என்று தனியாக ஒரு சிறு மெட்டை ஒதுக்கி வைத்து, அது கதையில் வரும்போதெல்லாம் அந்த மெட்டையும் வரச் செய்வது பழைய உத்தி. ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் இதை மிக விரிவாகக் கையாண்டார். நான்கு இசை நாடகங்கள் சேர்ந்த அவருடைய நிபெலுங் மோதிரக் கதை 1876ல் முதல் முறையாக முழுமையாக மேடையேறியது. ஹாலிவுட்டுக்கு இந்த உத்தியைக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் மேக்ஸ் ஸ்டெய்னர். 1933ல் வந்த கிங் காங் படத்தில் அந்த ராட்சதக் குரங்குக்கு அவர் கொடுத்தது இறங்கி வரும் மூன்று ஸ்வரங்கள்தான்.

இதைவிடச் சிறிய மெட்டு ஒன்று உண்டு. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1975ல் இயக்கிய ஜாஸ் படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்தது. ஒரு கீபோர்டில் ஈ, எஃப் என்ற இரண்டு வெள்ளைக் கட்டைகளைப் பாருங்கள். அவற்றுக்கு இடையில் கருப்புக் கட்டை கிடையாது. அந்த இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்தினால் சுறா வந்துவிடும். மெதுவாக அழுத்தினால் சுறா தூரத்தில். வேகமாக அழுத்தினால் பக்கத்தில். படத்தின் பெரும்பகுதியில் சுறா கண்ணில் படுவதே இல்லை. ஆனாலும் அது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. காது சொல்லிவிடுகிறது.

இதில் நான் மிகவும் ரசிப்பது மெட்டு வராத இடங்களைத்தான். கடற்கரையில் கூட்டம் அலைமோதும்போது தண்ணீரில் ஒரு துடுப்பு தெரிகிறது. மக்கள் அலறி ஓடுகிறார்கள். ஆனால் இசை இல்லை. கடைசியில் பார்த்தால் இரண்டு சிறுவர்கள் அட்டைத் துடுப்பை வைத்து விளையாடியிருக்கிறார்கள். இசை பொய் சொல்லாது என்று நாம் இங்கே நம்பத் தொடங்குகிறோம். பிறகு போலீஸ் அதிகாரி பிராடி படகிலிருந்து மீன் இரையைக் கடலில் வீசிக் கொண்டிருக்கிறார். இசை இல்லை. அதனால் ஆபத்தும் இல்லை என்று நாம் சாய்ந்து உட்காரும் நேரத்தில் சுறா தலையைத் தூக்குகிறது! இரண்டு ஸ்வரங்களை வைத்து நம்மைப் பழக்கி, பிறகு அந்தப் பழக்கத்தையே நமக்கு எதிராகத் திருப்பிவிடுகிறார்கள்.

இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு எந்தப் படத்திலும் மௌனத்தைச் சும்மா விட மாட்டீர்கள்.

ஒரே மெட்டு, பல வேஷம்

மெட்டு திரும்பி வந்தால் மட்டும் போதாது. மாறி வர வேண்டும். இதற்கு நல்ல பாடம் ஸ்டார் வார்ஸ் படங்கள். 1977ல் வந்த முதல் படத்துக்கு லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து ஜான் வில்லியம்ஸ் இசையமைத்தார். டார்த் வேடருக்கு உரிய அந்தப் புகழ் பெற்ற படைநடை மெட்டு அந்த முதல் படத்தில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1980ல் வந்த தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக் படத்தில்தான் அது முதலில் வந்தது. மூன்று முறை ஒரே ஸ்வரம் ஓங்கி ஒலிக்கும். பித்தளை ஊதுவாத்தியங்கள் முழங்கும். யாருக்கும் மறக்காது.

இனி 1983ல் வந்த ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை படத்துக்குப் போங்கள். வேடர் தன் மகனின் மடியில் உயிர் விடும் காட்சி. அதே மெட்டுதான். ஆனால் முழக்கம் இல்லை. வயலின்களில் மெல்லியதாக, உயரத்தில் ஒலித்து, கடைசியில் ஹார்ப் வாத்தியத்தின் தனித்தனித் துளிகளாக முடிகிறது. அரக்கன் போய் அப்பா மிஞ்சுகிறார். அதை வசனம் சொல்வதற்கு முன்பே இசை சொல்லிவிடுகிறது.

1999ல் வந்த தி ஃபேன்டம் மெனஸ் படத்தில் வேடர் இன்னும் அனகின் என்ற சிறுவன். அவனுக்கென்று எழுதப்பட்ட மெட்டு தாலாட்டு போல இனிமையாக இருக்கும். அதன் முடிவை ஏ-பி பட்டனில் மாட்டித் திரும்பத் திரும்பக் கேளுங்கள். வேடரின் படைநடை அதற்குள் ஒளிந்திருப்பது மூன்றாவது, நான்காவது முறையில் காதில் விழும். தியேட்டரில் உட்கார்ந்து இதைப் பிடிப்பது கடினம். கம்ப்யூட்டரில் எளிது.

சண்டைக் காட்சியில் என்ன நடக்கிறது?

துரத்தல், சண்டை என்றால் சத்தமும் வேகமும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல இசையமைப்பாளர் அங்கேதான் தன் மெட்டுகளை மோதவிடுகிறார். யார் யாரைத் துரத்துகிறார்கள், யார் கை ஓங்குகிறது என்பதை அந்த மோதல் சொல்கிறது.

ஜாஸ் படத்தின் பிற்பகுதியில் மூன்று பேர் படகில் சுறாவைத் துரத்துவார்கள். அங்கே இசை திடீரென்று உற்சாகமான கடல் சாகச இசையாக மாறிவிடும். அந்தச் சில நிமிடங்களுக்கு வேட்டைக்காரன் மனிதன்.

1981ல் வந்த ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க் படத்தில் பாலைவன லாரித் துரத்தல் காட்சிக்கான இசை 7 நிமிடத்துக்கும் மேல் ஓடும். இண்டியானா ஜோன்ஸின் வீர மெட்டு அதில் துண்டு துண்டாக வந்து போகும். எப்போது தலைகாட்டுகிறது, எப்போது அமுங்கிப் போகிறது என்று மட்டும் கவனியுங்கள். சண்டையின் ஸ்கோர் போர்டு அதுதான்.

தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படங்கள் 2001 முதல் 2003 வரை வந்தன. இசை ஹோவர்ட் ஷோர். இதில் ஐசன்கார்ட் என்ற தீய கோட்டைக்கு உரிய இசையில் இரும்பைச் சம்மட்டியால் அடிப்பது போன்ற ஒலி கேட்கும். கூடவே தாளத்தை எண்ணிப் பாருங்கள். நான்கு வராது, ஐந்து வரும். நம் கண்ட சாபு போல. ஐந்தில் ஓடுவதால் காது நிம்மதியாக உட்கார முடியாமல் தவிக்கிறது. முதல் படத்தில் ஒன்பது பேர் கூட்டணியின் மெட்டு முதலில் சிறு துண்டுகளாக வரும். கூட்டணி சேர்ந்த பிறகே முழுமையாக ஒலிக்கும். மோரியா சுரங்கத்தில் அவர்கள் ஓடும்போது ஆண் குரல்களின் முழக்கத்துக்கு நடுவே அது போராடும். காண்டால்ஃப் விழுந்ததும் போர் இசை அடங்கி, மெதுவான பாட்டுக்குரல்கள் மட்டும் மிஞ்சும்.

கம்ப்யூட்டர் செய்த மாற்றம்

நமக்கு இந்த வசதிகளைக் கொடுத்த கம்ப்யூட்டர் பின்னணி இசையையே மாற்றியும் இருக்கிறது. பிலிமை வெட்டி ஒட்டிய காலத்தில் ஒரு காட்சியை மாற்றுவது பெரிய வேலை. எடிட்டிங் முடிந்த படத்தைப் பார்த்து, விநாடிக் கணக்கு எடுத்து, இசையமைப்பாளர் எழுதுவார். கம்ப்யூட்டர் எடிட்டிங் 1990களில் பரவியது. 1996ல் வந்த தி இங்கிலிஷ் பேஷன்ட், கம்ப்யூட்டரில் எடிட் செய்யப்பட்டு எடிட்டிங்குக்கான ஆஸ்கர் பெற்ற முதல் படம். இப்போது இசை பதிவான பிறகும் காட்சியை எளிதாக மாற்றலாம்.

இதனால் என்ன? நீண்ட மெட்டின் நடுவில் 4 விநாடியை வெட்டினால் மெட்டு நொண்டும். ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் இசையில் எங்கு வெட்டினாலும் தெரியாது. பிற்காலத்து ஆக்‌ஷன் படங்கள் பலவற்றில் மெட்டு குறைந்து தாளக்கட்டு கூடியதற்கு இது ஒரு காரணம் என்பது என் கருத்து.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று. 1982ல் வந்த இ.டி. படத்தின் கடைசிக் காட்சிக்கு வாசிக்கும்போது, இசை படத்துடன் கச்சிதமாகப் பொருந்தாமல் ஜான் வில்லியம்ஸ் திணறினார். ஸ்பீல்பெர்க் திரையை அணைக்கச் சொன்னார். கச்சேரியில் வாசிப்பது போல வாசியுங்கள் என்றார். பிறகு அந்த இசைக்கு ஏற்பப் படத்தை எடிட் செய்தார். சைக்கிள்கள் பறக்கும் அந்த முடிவில் இசை மூச்சு விடுவது போலத் தோன்றுவது இதனால்தான். வில்லியம்ஸ் பியானோவில் அமர்ந்து பேப்பரில் பென்சிலால் எழுதுபவர் என்பதையும் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டர் கெடுத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஹான்ஸ் ஸிம்மர் கம்ப்யூட்டரை வாத்தியமாகவே கையாள்பவர். 2010ல் வந்த இன்செப்ஷன் படத்தில் எடித் பியாஃப் பாடிய பழைய பிரெஞ்சுப் பாட்டு ஒன்று கனவிலிருந்து எழுப்பும் மணியாக வருகிறது. கனவில் காலம் மெதுவாகப் போகும் அல்லவா? அந்தப் பாட்டின் தொடக்கத்தை மிக மெதுவாக ஓட்டினால் கேட்கும் ஒலியிலிருந்துதான் படத்தின் அந்தப் பிரமாண்டமான ஊதல் உருவானது.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராமை அதன் சொந்த இணையதளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள்.

2. நீங்கள் விலை கொடுத்து வாங்கிய பின்னணி இசை ஆல்பத்தின் எம்பி3 பைல் ஒன்றை அதில் திறங்கள். இசை ஓர் அலைப்படமாகத் தெரியும். சத்தமான இடங்கள் தடிமனாகவும் அமைதியான இடங்கள் மெல்லியதாகவும் இருக்கும்.

3. இசையை ஓட விடுங்கள். நாயகனின் மெட்டு வரும்போதெல்லாம் கண்ட்ரோல் கீயுடன் எம் கீயை அழுத்துங்கள். அந்த இடத்தில் ஒரு லேபிள் விழும். அதில் நாயகன் அல்லது வில்லன் என்று டைப் செய்யலாம். புராஜெக்டை சேவ் செய்ய மறக்காதீர்கள்.

4. முடிந்ததும் லேபிள்களை வரிசையாகப் பாருங்கள். யார் எப்போது வருகிறார்கள், எவ்வளவு நேரம் காணாமல் போகிறார்கள் என்பது ஒரே பார்வையில் தெரியும்.

5. சந்தேகமான இடத்தை மட்டும் மவுஸால் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் சேஞ்ச் டெம்போ என்பதைப் பயன்படுத்தி வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். ஸ்வரம் மாறாது, வேகம் மட்டும் குறையும்.

தொடங்குவதற்கு ரெய்டர்ஸ் லாரித் துரத்தல் நல்ல தேர்வு. முதல் முறை கேட்கும்போது எனக்கு அது வெறும் அமர்க்களமாகத்தான் இருந்தது. லேபிள்களை ஒட்டி முடித்தபோது முழுக் கதையும் அதில் இருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி முயன்று பாருங்கள்.