ஒற்றைத் தலைவலியும் நைட்ரிக் ஆக்ஸைடும்

அரபு மருத்துவ நூல்கள் ‘ஷகீக்கா’ என்றும் நாம் ஒற்றைத் தலைவலி என்றும் வழங்கும் நோயின் மூலத்தை ஆராயப் புகுந்தோர்க்குத் தக்க தடயம் ஒன்று வெடிமருந்திலிருந்து கிடைத்தது. 1847இல் இத்தாலியின் டுரின் நகரில் நைட்ரோகிளிசரினை உருவாக்கிய அஸ்கானியோ சொப்ரேரோ, அதில் சிறிதளவை நாவில் வைத்த மாத்திரத்தில் கடுந்தலைவலிக்கு ஆளானார். பிற்காலத்தில் டைனமைட் ஆலைத் தொழிலாளர்களைத் திங்கட்கிழமைதோறும் தலைவலி வாட்டிற்று. வாரத்தின் பிற நாள்களில் உடல் அப்பொருளுக்குப் பழகிவிடும். விடுமுறையில் அப்பழக்கம் நீங்கிவிடும். இதே பொருள்தான் நெஞ்சுவலிக்கு மருந்தாகவும் ஆயிற்று.

நைட்ரோகிளிசரின் நைட்ரிக் ஆக்ஸைடு வாயுவை வெளியிட்டே செயல்படுகிறது என்பதை 1977இல் ஃபெரித் முராத் கண்டறிந்தார். இரத்தக் குழாயின் உட்சுவரே அவ்வாயுவைச் சுரக்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவரும் இதற்காக 1998இல் நோபல் பரிசு பெற்றனர். சில விநாடிகளே நிலைக்கும் இவ்வாயு, தசைச் செல்லினுள் சைக்ளிக் ஜிஎம்பி என்னும் பொருளைப் பெருக்குகிறது. தசை தளர்ந்து குழாய் விரிகிறது.

விரிந்த குழாயே வலிக்கிறது என்று முடித்துவிடலாமா? டென்மார்க்கில் யெஸ் ஓலசன் குழுவினர் நைட்ரோகிளிசரினைச் சிரை வழியே செலுத்திப் பார்த்தனர். நலமுடையோர்க்கும் நோயாளிக்கும் உடனே தலைவலி வந்து தணிந்தது. ஆனால் ஒற்றைத் தலைவலி உடையோர் பலர்க்குச் சில மணி நேரம் கழித்து மெய்யான நோய்த்தாக்கமே தொடங்கியது. அவ்வேளையில் வாயு மறைந்து நெடுநேரம் ஆகியிருந்தது! ஆக, அது ஒரு தொடர்வினையைத் தூண்டிவிட்டுச் செல்கிறது என்றே நாம் கொள்ள வேண்டும். சைக்ளிக் ஜிஎம்பி சிதையாமல் தடுக்கும் சில்டனாஃபில், மூளையின் நடுத்தமனி விரியாமலேயே நோயை வருவித்தது என 2003இல் வெளியான ஆய்வும் இதற்கு வலுவூட்டுகிறது. குழாய் விரிவதொன்றே காரணம் என்னும் பழைய விளக்கம் இனிச் செல்லாது என்பது நம் கருத்து.

உடல் இவ்வாயுவை ஆக்குவதைத் தடுத்தால் என்ன? 1997இல் அவ்வாறு செய்தபோது 15 பேரில் 10 பேர்க்கு வலி குறைந்தது. போலி மருந்து பெற்ற 14 பேரில் இருவர்க்கே குறைந்தது. எனினும் உடலெங்கும் குழாய்களை இளக்கி வைப்பது இவ்வாயுவே. அதனை முற்றும் தடுத்தால் இரத்த அழுத்தம் உயரும். இம்முறை நடைமுறை மருந்தாகவில்லை.

இருதய நோயும் ஒற்றைத் தலைவலியும் ஒருங்கே உடையோரின் நிலைதான் இரங்கத்தக்கது. நெஞ்சுவலி மாத்திரை தலைவலியைத் தூண்டக்கூடும்; தலைவலிக்குரிய டிரிப்டான் வகை மருந்துகளோ இருதயக் குழாய்களைச் சுருக்கும் என்பதால் அவர்களுக்கு விலக்கப்பட்டவை. இத்தகையோர் இருதய மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல், இரு நோய்களையும் மருத்துவரிடம் சேர்த்தே எடுத்துரைக்க வேண்டும்.