நன்மை நாடிச் செய்யும் தவறு

ஒருவருடைய தோப்பில் அவர் அறியாமல் தேங்காய் பறித்து ஏழைகளுக்கு வழங்கினால் அது தருமமாகுமா? ஆகாது என்று சிறு பிள்ளையும் கூறும். ஆனால் ஓர் ஆலிம் பல்லாண்டுகள் உழைத்து எழுதிய மார்க்க நூலைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, நன்மையை நாடி வாட்ஸ்அப் வழியே நூற்றுக்கணக்கானோருக்கு அனுப்பும்போது நம் உள்ளம் உறுத்துவதில்லையே!

பிறர் பொருளைத் தகாத முறையில் உண்பதைத் திருமறை (2:188) தடுக்கிறது. எழுத்து எவ்வாறு பொருளாகும் என்று சிலர் கேட்கலாம். 1988ஆம் ஆண்டு குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இதனை ஆராய்ந்தது. நூலாசிரியரின் உரிமை ஷரீஅத்தில் மதிப்புடையது. அதில் அத்துமீறுவது கூடாது எனத் தீர்மானித்தது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் ஆசிரியரின் வாழ்நாளிலும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் அவ்வுரிமையைக் காக்கிறது.

"கல்வியை மறைப்பது குற்றமன்றோ?" எனலாம். மறைப்பது வேறு, உழைப்புக்கு விலை கேட்பது வேறு. நூலின் கருத்தை எடுத்துரைக்கலாம்; வாங்கிய பிரதியை அண்டை வீட்டாருக்கு இரவல் தரலாம். இரவல் தந்த நூல் ஒன்றாகவே இருக்கும். கைப்பேசியில் அனுப்பியதோ ஓரிரவில் ஆயிரமாகும். விற்காத பிரதிகள் கட்டுக்கட்டாய்க் கிடக்க, அடுத்த நூலை அவர் எவ்வாறு அச்சிடுவார்?

நல்ல நோக்கம் இதனை ஆகுமாக்கிவிடாது. கைபர் போருக்குப் பின் அம்பு பட்டு மாண்ட ஒருவருக்குச் சுவனம் கிட்டியதென மக்கள் மகிழ்ந்தனர். பங்கிடப்படும் முன் அவர் எடுத்துக்கொண்ட போர்வை அவர்மீது நெருப்பாய் எரிகிறது என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அதைக் கேட்ட ஒருவர், தாம் எடுத்திருந்த செருப்பு வாரைக் கொணர்ந்து ஒப்படைத்தார். இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

அன்புச் சகோதர, சகோதரிகளே! அந்தச் செருப்பு வாரைத் திருப்பித் தந்தவர் நமக்கு நல்ல முன்மாதிரி. அனுமதியின்றி வந்ததை மேலும் பரப்பாதீர்கள். பயன்பெற்ற நூலை விலை கொடுத்து வாங்குங்கள். இயன்றால் ஆசிரியரிடம் பொறுப்புக் கேளுங்கள். இலவசமாகப் பரப்ப அவரே இசைந்தால் தாராளமாகப் பரப்புங்கள். அப்போது நன்மை இருவருக்கும் உண்டு.

தூய வழியில் நன்மை தேட வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.