மரத்துக்கு மொட்டை அடிக்கலாமா?

போன தடவை இந்தச் சுவர்ப் பத்திரிகையில் மரம் நடுவது பற்றி மூணு கட்டுரை வந்தது. மூணும் நல்லா இருந்தது. ஆனா நட்டு வளர்ந்து நிக்கிற மரத்தை நாம என்ன பண்றோம்னு யாரும் எழுதலை. அதான் நான் எழுதுறேன்.

மூலக்குளத்தில் எங்க தெரு முனையில் ஒரு பெரிய புங்க மரம் இருக்கு. அதோட நிழல்லதான் எங்க ஆயா பூ கட்டி விக்கிறாங்க. 2023-இல் மழைக்காலத்துக்கு முன்னாடி, கரண்ட் கம்பியில் உரசுதுன்னு ஆட்கள் வந்து வெட்டினாங்க. கம்பிப் பக்கம் மட்டும் இல்லை, மொத்தமா! அடிமரமும் நாலு மொட்டைக் கிளையும்தான் மிச்சம். மறுநாள் ஆயா குடை பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.

"முடி வெட்டினா வளராதா, அது மாதிரிதான்"னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பினேன். ஆனா முடி நமக்குச் சோறு போடாது. மரத்துக்கு இலைதான் சமையலறை (ஒளிச்சேர்க்கை பாடத்தில் படித்தோமே!). இலை எல்லாம் போனா மரம் பட்டினி. அது சேமித்து வைத்த மாவுச்சத்தைச் செலவு பண்ணி, பட்டைக்கு அடியில் தூங்கிக்கிட்டு இருந்த மொட்டுகளை அவசரமா எழுப்பும். வெட்டின இடத்தில் கொத்துக் கொத்தா குச்சி கிளம்பும். நாமளும் "பாத்தியா, நல்லா தழைஞ்சிடுச்சு"ன்னு சந்தோஷப்படுவோம்.

இங்கேதான் ஆபத்து. இயற்கையா வந்த கிளை, அடிமரத்தோடு சேர்ந்து வருஷா வருஷம் பின்னிப் பருத்து வளரும். இந்த அவசரக் குச்சிகளோ மேல் அடுக்கில் மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும். அடியில் உள்ள வெட்டுக்காயமோ அழுகும். அலெக்ஸ் ஷிகோ என்ற அமெரிக்க விஞ்ஞானி நிறைய மரங்களை அறுத்துப் பார்த்தவர். மரம் நம்மைப் போல காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிலும் தடுப்புச் சுவர் மாதிரி கட்டி அடைத்துவிடுகிறது என்று அவர் விளக்கினார். சின்னக் காயம்னா சுவர் தாங்கும். தொடை அளவு கிளையை வெட்டினா, சுவர் முடியறதுக்குள்ள பூஞ்சை உள்ளே போயிடும். தார் பூசினாலும் நிக்காது.

30.12.2011 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது. நான் அப்போ கைக்குழந்தை. ஊரில் எவ்வளவோ மரம் சாய்ந்தும் எங்க புங்க மரம் நின்னுதுன்னு ஆயா சொல்வாங்க. 30.11.2024 இரவு வந்த ஃபெஞ்சல் புயலில் மழைதான் பயங்கரம். காற்று தானே அளவுக்கு இல்லை. ஆனா அதுக்கே ரெண்டு புதுக்கிளை பிய்ந்து, ஆயா கடைக் கூரை மேல விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தேன். நடுவில் முறியலை. வாழை மட்டையை உரிச்ச மாதிரி அடியோடு உரிஞ்சு வந்திருந்தது.

அப்போ எப்படித்தான் வெட்டணும்? கம்பியைத் தொடும் கிளையை மட்டும் வெட்டணும். ஒரே தடவையில் கால்வாசிக்கு மேல் இலையை எடுக்கக் கூடாது. கிளை அடிமரத்தில் சேரும் இடத்தில் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். காயத்தை மூடுறது அந்த இடம்தான், அதுல அரிவாள் படக்கூடாது. கனமான கிளைன்னா ஓர் அடி தள்ளி முதலில் கீழ்ப்பக்கம் பாதி அறுக்கணும், அப்புறம் கொஞ்சம் தள்ளி மேலிருந்து அறுத்துக் கிளையை விழ வைக்கணும், கடைசியா மிச்சக் கட்டையைப் புடைப்பை ஒட்டி அறுக்கணும். இல்லைன்னா கிளை விழும்போது பட்டையும் உரிஞ்சு வரும். ரம்பம்தான் நல்லது. அரிவாளால் கொத்தினா காயம் சிதைஞ்சிடும்.

இப்போ தெருவில் சிலர், "இந்த மரமே ஆபத்து, அடியோட வெட்டிடலாம்"னு கையெழுத்து வாங்குறாங்க. அவங்க பயப்படுறது நியாயம்தான், கூரை உடைஞ்சதை எல்லாரும் பார்த்தாங்க. ஆனா ஆபத்து மரத்தால வரலை. ஒவ்வொரு கொத்திலும் பலமான ஒன்னு ரெண்டு குச்சியை மட்டும் விட்டு, மத்ததைக் கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மூணு வருஷத்தில் எடுத்தா மரத்தைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கு. அடிமரம் எவ்வளவு அழுகியிருக்குன்னு முதலில் விவரம் தெரிஞ்சவங்க பார்க்கணும்.

நானும் தோழிகளும் ஏணி போட்டு, எட்டின வரைக்கும் விடவேண்டிய குச்சிகளுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கோம். ஆயா கீழே ஏணியைப் பிடிச்சுக்கிட்டு திட்டிக்கிட்டே இருந்தாங்க. மழை வந்தா கோடு அழிஞ்சிடும், மறுபடி போடணும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி