கன்றுக்கு முட்டை கொடுக்கலாமா?

‘பிறந்த கன்றுக்கு முட்டை அடித்து ஊற்றினால் நோய் எதிர்ப்புச் சக்தி வரும் என்கிறார்களே, உண்மையா?’ கறவை மாடு வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதில் பாதிதான் உண்மை. மீதியைத் தெரிந்துகொள்ளாமல் சீம்பாலை விட்டுவிட்டால், கன்றையே இழக்க நேரிடும்.

மஞ்சள் கருவில் என்ன இருக்கிறது?

கோழி தன் உடலில் உருவாகும் எதிர்ப்புப் புரதத்தை மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்குக் கொடுக்கிறது. 1893-லேயே கிளெம்பரர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைக் கண்டறிந்தார். கன்றுக் கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை, ரோட்டா வைரஸ் போன்ற கிருமிகளுக்கு எதிராகக் கோழிக்குத் தடுப்பூசி போட்டால், அந்தக் கிருமிகளுக்கான எதிர்ப்புப் புரதம் முட்டையில் சேரும். அந்த மஞ்சள் கருவைப் பொடியாக்கிப் பாலில் கலந்து கொடுக்கும்போது, கிருமிகள் கன்றின் குடலில் ஒட்டாமல் தடுக்கிறது.

கடை முட்டைக்கு இந்தக் குணம் கிடையாது. அந்தக் கோழிகளுக்குப் போடுவது கோழி நோய்க்கான தடுப்பூசி. தவிர, பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கவும் வாய்ப்புண்டு. எதிர்ப்புப் புரதப் பொடி கிடைத்தால், கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி வெதுவெதுப்பான பாலில் மட்டுமே கலக்க வேண்டும். கொதிக்கும் பாலில் போட்டால் புரதம் கெட்டுவிடும்.

சீம்பாலுக்கு மாற்று இல்லை

தாயின் எதிர்ப்புச் சக்தி கருப்பையில் கன்றுக்கு வந்து சேராது. சீம்பால் வழியாகத்தான் வரும். தரமான சீம்பால் ஒரு லிட்டரில் 50 கிராமுக்கு மேல் எதிர்ப்புப் புரதம் உண்டு. ஒரு மஞ்சள் கருவில் இருப்பது சுமார் 100 மில்லிகிராம்தான். அதுவும் குடலுக்குள்தான் வேலை செய்யும். ரத்தத்தில் கலந்து உடல் முழுவதையும் காப்பது சீம்பால்தான்.

‘நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் பால் கறக்க வேண்டும்’ என்று காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது தவறு. நேரம் ஆக ஆக, எதிர்ப்புப் புரதத்தை உறிஞ்சும் திறன் குடலில் குறைந்துகொண்டே வரும். 24 மணி நேரத்தில் அது அநேகமாக நின்றுவிடும்.

அதனால், கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பாலைக் கொடுங்கள். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், முதல் நாளிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும். தாயிடம் பால் இல்லையென்றால், அதே சமயத்தில் ஈன்ற வேறொரு ஆரோக்கியமான மாட்டின் சீம்பாலைக் கொடுக்கலாம்.

முதலில் சீம்பால். மஞ்சள் கருப் பொடி அதற்குத் துணை மட்டுமே.