உறுமும் நாய்க்கு உதை மருந்தல்ல

நாயை அடக்கி வைக்காவிட்டால் தலைக்கு மேல் ஏறிவிடும் என்பார்கள். முறைத்துப் பார், மல்லாக்கத் தள்ளி அமுக்கு, உறுமினால் ஒன்று போடு. இந்த வைத்தியத்தின் பலன் என்ன என்று அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் கணக்கெடுத்து 2009இல் வெளியிட்டார்கள். நடத்தைச் சிக்கலுக்காக நாயை அழைத்து வந்த 140 பேரிடம், அதுவரை என்னென்ன செய்து பார்த்தார்கள் என்று விசாரித்தார்கள். அடியோ உதையோ வாங்கிய நாய்களில் 43 சதவீதம் திருப்பிச் சீறியிருந்தன. மல்லாக்கத் தள்ளி அமுக்கப்பட்டவற்றில் 31 சதவீதம். வெறுமனே முறைத்ததற்கே 30 சதவீதம்!

அடக்கியாளும் இந்த எண்ணம் ஓநாய்களைப் பார்த்து வந்தது. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், கூண்டில் அடைபட்ட ஓநாய்களிடையே நடந்த தலைமைச் சண்டைகளை விவரித்தார். டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளர் 1970இல் எழுதிய நூல் அக்கருத்தை உலகெங்கும் கொண்டுபோனது. பின்னர் மெக்கே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் காட்டு ஓநாய்களைக் கவனித்தார். அங்கே கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான். 1999இல் அதை ஆய்வுக் கட்டுரையாக எழுதியவர், தன் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்திடம் கேட்டுக்கொண்டார். அந்த நேர்மை எல்லோருக்கும் வராது. நாய்ப் பயிற்சியாளர்கள் பலர் இன்னும் 1970இலேயே நிற்கிறார்கள்.

சரி, அடிக்காமல் என்ன செய்வது? உறுமலுக்குப் பின்னால் வலியோ பயமோ இருக்கலாம். முதலில் நாய்க்கு எங்காவது வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் டேனியல் மில்ஸ் குழுவினர், சத்தத்துக்கு அஞ்சும் 20 நாய்களை ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாதி நாய்களுக்கு மூட்டு, தசை வலி இருந்தது. மற்றவற்றுக்கு இல்லை. வலியுள்ள நாய்களுக்குச் சத்த பயம் சராசரியாக நான்கு ஆண்டுகள் பிந்தித்தான் தொடங்கியிருந்தது. திடீர்ச் சத்தத்தில் உடல் விறைக்கிறது, ஏற்கெனவே நோகும் மூட்டு சுரீர் என்கிறது, சத்தத்தையும் வலியையும் நாய் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது என்பது அவர்களின் ஊகம். தங்களிடம் வரும் நடத்தைச் சிக்கல்களில் குறைத்து மதிப்பிட்டாலும் மூன்றில் ஒரு பங்கில் ஏதோ ஒரு வலி மறைந்திருக்கிறது என்று 2020இல் இதே குழு எழுதியது.

வலி இல்லை, வெறும் பயம்தான் என்றால் பழக்கித் தணிக்கலாம். பதிவு செய்த வெடிச்சத்தத்தை, நாய் சட்டை செய்யாத அளவுக்கு மெல்ல ஒலிக்கவிட வேண்டும். சத்தம் கேட்ட மறுகணம் ஒரு கோழித்துண்டு. சத்தம் முந்த வேண்டும், தீனி பிந்த வேண்டும். வரிசை மாறினால் தீனியைப் பார்த்தாலே நாய் மிரளக்கூடும். பல நாட்களில் சிறிது சிறிதாகச் சத்தத்தைக் கூட்டலாம். காதை மடக்கினாலோ தின்ன மறுத்தாலோ ஒரு படி கீழிறங்க வேண்டும்.

பயப்படும்போது தின்னக் கொடுத்தால் பயம் வளர்ந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஆய்வாளர் ஸ்டெஃபனி ரீமர் 1,225 நாய் உரிமையாளர்களிடம் கேட்டு 2020இல் வெளியிட்ட ஆய்வில், வெடி வெடிக்கும்போதே தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானவர்கள் பலன் இருந்ததாகச் சொன்னார்கள். உரிமையாளர்களின் வாய்மொழிதான், ஆனாலும் பயம் வளர்ந்துவிடும் என்ற கவலை தேவையில்லை என்று தெரிகிறது.

தனியே விட்டுச் சென்றால் கதவைப் பிறாண்டி, ஊளையிட்டுத் தவிக்கும் நாய்களுக்கு மாத்திரையும் உண்டு. குளோமிப்ரமினுக்கு 1998இலும் ஃபுளுவாக்ஸெட்டினுக்கு 2007இலும் அமெரிக்க மருந்துத் துறை ஒப்புதல் அளித்தது. இரண்டையும் பயிற்சியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். மனிதர்களுக்கான மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கி நீங்களாகவே உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். சாதுவாக இருந்த நாய் திடீரென்று உறுமத் தொடங்கினால் பயிற்சியாளருக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தீபாவளிக்கான சத்தப் பயிற்சியைச் சில மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.