சரிவு நிலத்தில் ஒரு சோதனை

நாமக்கல் மாவட்டத்தில் உயர்ந்து நிற்கும் கொல்லிமலை, கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலையாகும். இம்மலையிலுள்ள ஊர்கள் பல நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று திருப்புலி நாடு. மலையாளி என்னும் பெயருடைய பழங்குடி மக்கள் இங்குத் தொன்றுதொட்டு உழுது வாழ்கின்றனர். பள்ளங்களில் நெல்லும், சரிந்த மேட்டு நிலங்களில் மழையை நம்பிச் சாமை, தினை, கேழ்வரகு முதலியனவும் விளைவிப்பது அவர்தம் மரபு.

கடந்த சில பத்தாண்டுகளில் மரவள்ளிக்கிழங்கு புகுந்து, சாமை விளைந்த இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. கிழங்கு சவ்வரிசி ஆலைகளுக்கு விலையாகிப் பணம் தந்தது. சாமையோ உரலிலிட்டுக் குற்றும் பெண்டிரின் தோள்களை நோகச் செய்தது. 1988-இல் தோன்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990-களில் இம்மலையில் பணி தொடங்கிச் சிறுதானியங்களைக் காக்க முயன்றது. உழவரோடு கூடி, உழவர் நிலத்திலேயே பல வகைகளைப் பயிரிட்டு ஒப்புநோக்கியது அப்பணிகளுள் ஒன்று. வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை எனச் சாமையிலேயே பல வகைகள் அங்கு உண்டு. இவற்றுள் எது மிகுதியாக விளையும்? வினா எளிது, விடை காண்பதோ அத்துணை எளிதன்று.

உழவர் ஒருவர் புதிய விதையொன்றைப் பெறுகிறார் எனக் கொள்க. அதை வீட்டருகே, சாணி எரு விழுந்த நிலத்தில் வரிசையாக விதைக்கிறார். பழைய விதையை வழக்கம்போல் மேட்டில் கைவீசித் தூவுகிறார். அறுவடையில் புதியது இருமடங்கு விளைகிறது. அவர் மகிழ்ந்து, பழைய விதையை அடுத்த ஆண்டு கைவிடுகிறார். விளைவு மிகுந்தது விதையாலா, எருவாலா, வரிசை விதைப்பாலா? அவர் அறியார். மூன்றையும் ஒருசேர மாற்றியமையால் அறியவும் வழியில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த விதையொன்று, பிழையான ஒப்பீட்டால் அவ்வீட்டை விட்டு நீங்குகிறது. விதை ஒரு முறை தொலைந்தால் அதனைத் திரும்பப் பெறுதல் அரிது.

ஆகவே சோதனை செய்வோர், ஆராயும் பொருள் ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை ஒத்திருக்கச் செய்வர். எரு, விதைக்கும் நாள், விதைக்கும் முறை, களையெடுப்பு, பாத்தியின் அளவு ஆகிய அனைத்தும் இரு விதைகளுக்கும் ஒன்றே. புதிய விதையோடு பழைய விதையையும் அதே நிலத்தில் அதே பருவத்தில் விதைப்பது இன்றியமையாதது. சென்ற ஆண்டு விளைவோடு இவ்வாண்டு விளைவை ஒப்பிட்டால், விதையின் வேற்றுமையோடு மழையின் வேற்றுமையும் கலந்துவிடும்.

எனினும் சரிவை ஒத்திருக்கச் செய்ய எவராலும் இயலாது. மழைநீர் மேல்மண்ணை அரித்துக் கீழே சேர்ப்பதால், அடிப்பகுதி ஆழ்ந்த மண்ணும் ஈரமும் உடையதாகிறது. இத்தகைய இடரை வெல்லும் வழியை வகுத்துரைத்தவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ரொனால்டு ஃபிஷர். 1919-இல் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியேற்ற அவர், சோதனைகளைத் திட்டமிடுவது பற்றி 1935-இல் ஒரு நூலே வெளியிட்டார். அவர் கூறிய முறைப்படி, சரிவைக் குறுக்கே நான்கு பட்டைகளாகப் பகுத்தல் வேண்டும். ஒரு பட்டையின் நிலம் முழுதும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் அமையும். ஒவ்வொரு பட்டையிலும் இரு பாத்திகள். ஒன்றில் பழைய விதை, மற்றொன்றில் புதிய விதை.

எந்தப் பாத்தியில் எது என்பதை யார் முடிவு செய்வது? சோதிப்பவர் தேர்ந்தால், தாம் விரும்பும் விதைக்கு நல்ல மண்ணைத் தம்மை அறியாமலேயே கொடுத்துவிடுவார். எனவே பட்டைதோறும் சீட்டுக் குலுக்கியே இடம் குறிப்பர். தமிழருக்கு இது புதுமையன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர்ச்சபை உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றன. ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஒருபால் சாயாமை வேண்டும் என்னும் எண்ணமே இரண்டிலும் உள்ளது.

மேலிருந்து கீழாக நான்கு பட்டைகளில் பழைய விதை 3, 4, 5, 6 படியும், புதிய விதை 4, 5, 6, 7 படியும் விளைந்தன என வைத்துக்கொள்க. புதியதை உச்சியில் மட்டும், பழையதை அடியில் மட்டும் விதைத்திருந்தால் 4 படியும் 6 படியும் கிடைத்திருக்கும். பழையதே சிறந்தது எனத் தீர்ப்பாகியிருக்கும்! பட்டைதோறும் அருகருகே வைத்து நோக்கியதனால் அன்றோ, நான்கிலும் புதியது ஒரு படி மிகுந்தமை புலனாயிற்று.

அப்பொழுதும் ஓர் ஐயம் எழல் வேண்டும். இரு விதைகளும் உண்மையில் நிகரானவை என்றால், ஒவ்வொரு பட்டையிலும் எது முந்தும் என்பது நாணயம் சுண்டுவது போன்றதே. நாணயம் நான்கு முறையும் தலையாகவே விழுவது 16-இல் ஒரு பங்கு நிகழக்கூடியது, அத்துணை அரிதன்று. பட்டைகள் ஆறாயின் அது 64-இல் ஒரு பங்காகக் குறையும். பாத்திகளைப் பெருக்குவதன் பயன் இது.

இனி, எதை அளப்பது என்பதும் விதைக்கும் முன்பே முடிவு செய்யத்தக்கது. அறுவடைக்குப் பின் தமக்கு உகந்த அளவையைத் தேடுவது நேர்மையன்று. மணியின் அளவு ஒன்றே உழவருக்குப் போதாது. மாட்டுக்கு வைக்கோல் எவ்வளவு கிடைக்கும், கதிர் நின்றபடியே மணி உதிருமா, குற்றுவது எளிதா, சோறு சுவையாக உள்ளதா என்றெல்லாம் அவர் கேட்பார். அவை அறிவுடைய வினாக்களே. சுவையைச் சோதிக்கும்போது எந்தச் சோறு எந்தச் சாமை என்று உண்பவருக்குச் சொல்லாதிருத்தல் நன்று. பெயரைக் கேட்டவுடன் நாவும் ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

திருப்புலி நாட்டின் ஒரு சரிவில் ஓராண்டு கிடைத்த முடிவு, மழை குறைந்த மற்றோர் ஆண்டுக்குப் பொருந்தாமல் போகலாம். மண் வேறுபட்ட வேறொரு நாட்டுக்கும் பொருந்தாமல் போகலாம். அங்கும் பட்டை பிரித்து, சீட்டெடுத்து, இரு விதைகளையும் மீண்டும் விதைத்தே காணல் வேண்டும். அதுவரை பழைய விதையும் குதிரில் இருக்க வேண்டும்.