வாக்குக் கேட்டு வருவாரிடம் நாம் கேட்க வேண்டுவன

சட்டமன்றத் தேர்தல் வந்துவிட்டால் நம் வெலிங்டன் தீவிலும் ஒலிபெருக்கி முழங்கும். சுவரெல்லாம் சின்னங்கள் தோன்றும். ஐந்தாண்டுகளாகக் காணாத முகங்கள் குடியிருப்பு வாயில்களில் கைகூப்பி நிற்கும். வருகின்றவர் எக்கட்சியினராயினும் அவர் கூறுவன பெரும்பாலும் மூன்றே: வேலை தருவோம், வரியைக் குறைப்போம், ஊர்க் குறைகளைத் தீர்ப்போம். இவற்றைக் கேட்டு மகிழ்வதோடு நாம் நின்றுவிடலாமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எவருக்கு வாக்களிப்பது என்று கூற நாம் முன்வரவில்லை. அஃது அவரவர் மனச்சான்றின் பாற்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் சிலர் கூடி ஒரு வேட்பாளரிடம் மனு ஒன்று அளித்தோம். முதற்கோரிக்கை, நம் பிள்ளைகளுக்குத் துறைமுகத்தில் வேலை. இரண்டாவது, குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா. மூன்றாவது, மனுவின் கடைசி வரியில், பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தமிழ் கற்பிக்க ஓர் ஆசிரியர். மூன்றுக்கும் அவர் தலையசைத்தார், வெற்றியும் பெற்றார். முதலிரண்டுக்காக நாம் அவர் வாயிலில் பலமுறை காத்து நின்றோம். இறுதியில், "அவை என் கையில் இல்லை" என்றார். அவர் கூறியது பொய்யன்று. ஆயின் அவர் கையில் இருந்த மூன்றாவது கோரிக்கையை அவரும் மறந்தார், நாமும் வற்புறுத்தவில்லை. அதற்குள் அப்பிள்ளைகள் பள்ளிப் படிப்பையே முடித்து வெளியேறிவிட்டனர். இன்று அவர்களுள் பலருக்கு ஊரிலுள்ள பாட்டிக்குத் தமிழில் நான்கு வரி எழுதத் தெரியாது.

ரயில்வே சரக்கு அலுவலகத்தில் நாம் நாள்தோறும் காணும் உண்மை ஒன்றுண்டு. எத்துணை இறுகக் கட்டிய மூட்டையாயினும், விலாசம் தவறினால் உரியவரைச் சேராது. நம் மனுக்களும் அத்தகையனவே.

மூன்று விலாசங்கள்

நம் அரசியலமைப்பு, ஆட்சிக் காரியங்களை மத்திய அரசுக்கென்றும், மாநிலத்துக்கென்றும், இருவருக்கும் பொதுவென்றும் பிரித்து வைத்துள்ளது. இவற்றோடு நகர ஆட்சி வேறு உள்ளது. ஆகவே மத்திய அரசு, மாநில அரசு, மாநகராட்சி என மூன்று விலாசங்களை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ரயில்வேயும் கடற்படையும் பெருந்துறைமுகங்களும் மத்திய அரசுக்கு உரியன. கொச்சி 1936ஆம் ஆண்டு முதலே பெருந்துறைமுகம். ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளரின் திட்டப்படி காயலைத் தூர்வாரி, அம்மண்ணைக் கொண்டே எழுப்பப்பட்டது நம் தீவு. அதன் நிலம் பெரும்பாலும் துறைமுகத்துக்கும் பிற மத்தியத் துறைகளுக்கும் உரியது. எனவே இங்கே பட்டா தருவோம் என்று சட்டமன்ற வேட்பாளர் கூறின், பிறர் பெட்டியிலுள்ள பணத்தைத் தாம் தருவதாகக் கூறுகின்றார் என்றே பொருள். 2011ஆம் ஆண்டு கன்டெய்னர் வேலை நம் தீவைவிட்டு வல்லார்பாடத்துக்குச் சென்றது. அதனால் எத்தனையோ சுமைதூக்குவோரும் லாரிக்காரரும் தேநீர்க்கடைக்காரரும் பிழைப்பை மாற்றிக்கொள்ள நேர்ந்ததை நாம் அறிவோம். அக்காரியத்திலும் இறுதிச் சொல் சட்டமன்றத்தினுடையதன்று.

போலீசு, மருத்துவமனை, ரேஷன் கடை, பள்ளி ஆசிரியர் நியமனம் முதலியவற்றில் மாநில அரசின் கையே ஓங்கியது. வரிகளுள் பெட்ரோல், டீசல், மது ஆகியவற்றின் விற்பனை வரியும், வாகன வரியும் மாநிலத்தைச் சேர்ந்தவை. ஜி.எஸ்.டி. அவ்வாறன்று. 2017 முதல் அதன் விகிதங்கள் மத்திய, மாநில அமைச்சர்கள் கூடும் பொதுக் குழுவில் முடிவாகின்றன; ஒரு மாநிலம் தனித்துக் குறைத்துவிட இயலாது. கட்டட வரியும், ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேற்படலாகாதென அரசியலமைப்பே வரம்பிட்ட தொழில் வரியும் நம் மாநகராட்சி வசூலிப்பவை. தெருவிளக்கும் குப்பையும் அதன் பொறுப்பே.

ஒரே துயரத்துக்கு இரு விலாசங்கள் அமைவதும் உண்டு. மட்டாஞ்சேரித் துறையில் அக்காலத்தில் 'சாப்பா' என்னும் வில்லையைப் பெற்றவனுக்கே அன்றைய வேலை. அவ்வில்லைகளைக் கூட்டத்தின்மேல் வீசியெறிவர். பசித்த மனிதர் ஒருவரோடொருவர் மோதிப் பொறுக்குவர். அக்கொடுமையை எதிர்த்தெழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீசு சுட்டது, மூவர் மாண்டனர். துறைமுகத் தொழிலாளரின் வேலையை முறைப்படுத்தும் சட்டம் 1948இலேயே மத்தியில் இயற்றப்பட்டது. துப்பாக்கி ஏந்திய போலீசோ மாநில அரசுக்குட்பட்டது. எவரை எதற்குக் கேட்பது என்பதை அன்றைய தொழிலாளர் உயிர் கொடுத்துக் கற்றனர்.

தேவிகுளம் தந்த பாடம்

நம் தீவின் ஏலச்சாலையில் 1947 முதல் விலைபோகும் தேயிலையில் மூணாற்றுத் தேயிலையும் உண்டு. அதைக் கிள்ளியனுப்பும் தமிழ்க் கைகள் ஒரு தேர்தலில் ஆட்சியொன்றையே தாங்கிப் பிடித்த வரலாறு நாம் அறிதற்குரியது.

கேரளத்தின் முதற் சட்டமன்றத் தேர்தல் 1957இல் நடைபெற்றது. மொத்த இடங்கள் 126. கம்யூனிஸ்டுக் கட்சி 60 இடங்களை வென்று, சுயேச்சைகள் ஐவரின் துணையோடு ஆட்சி அமைத்தது. தேவிகுளத்தில் வென்றவர் அக்கட்சியின் ரோசம்மா புன்னூஸ். எதிர்த்து நின்ற ஒருவரின் வேட்புமனு தவறாகத் தள்ளப்பட்டதென்று அவர் வெற்றி ரத்தாயிற்று. 1958இல் இடைத்தேர்தல் வந்தது. நூலிழையில் நின்ற ஆட்சிக்கு ஒவ்வோரிடமும் உயிராயிருந்த காலம் அது. மலைத்தோட்டங்களில் பாவலர் வரதராசன் தமிழில் பாடி வாக்குத் திரட்டினார். அவர்தம் இளவலே பின்னாளில் உலகறிந்த இளையராஜா. ரோசம்மா ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் மீண்டும் வென்றார்.

அவர் கட்சி மக்களுக்கு உரைத்தவற்றுள் மூன்றை நிறுத்துப் பார்ப்போம். முதலாவது, குத்தகையாளரையும் குடிசைவாசிகளையும் வெளியேற்றுதல் தடுக்கப்படும் என்பது. அது மாநிலத்தின் அதிகாரத்துட்பட்டது. பதவியேற்ற ஒரு வாரத்துக்குள் அவசரச் சட்டமாக வந்தது. இரண்டாவது, அயல்நாட்டார் தோட்டங்களை அரசுடைமையாக்குதல். அது மத்திய அரசின் முதலீட்டுக் கொள்கையோடு பிணைந்தது. 28 மாதம் நீடித்த அவ்வாட்சியில் நிறைவேறவில்லை. மூன்றாவது, தொழில் தகராறுகளில் போலீசு முதலாளிக்குத் துணைபோகாது என்பது. அது முற்றிலும் மாநிலத்தின் கையிலிருந்தது. ஆயினும் 1958 அக்டோபரில் மூணாற்று வேலைநிறுத்தத்தின்போது போலீசு சுட்டதில் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். அவர்கள் வாக்களித்து அரையாண்டுகூட ஆகவில்லை!

இதனால் நாம் அறிவது என்ன? அதிகாரத்துக்குட்பட்ட வாக்குறுதி விரைவில் நிறைவேறலாம். அதிகாரத்துக்கப்பாற்பட்டது நல்லெண்ணம் இருப்பினும் நிற்கும். அதிகாரத்துள் இருந்தும் மீறப்படுவதும் உண்டு; அதற்கு மருந்து, சொன்ன சொல்லை எழுதி வைத்துத் திரும்பக் கேட்பதேயாகும்.

பின்னர் 1971இல் வேறோர் ஆட்சி கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டத்தை இயற்றிற்று. தேயிலை பயிரான நிலம் கம்பெனியிடமே விடப்பட்டது. எஞ்சிய பெருநிலம் அரசுக்கு மீண்டது. அது நில உரிமை பற்றிய மாநிலச் சட்டமாதலின் 1972இல் உச்சநீதிமன்றத்திலும் நிலைத்தது. சரியான விலாசம் எழுதிய கடிதம் தாமதித்தேனும் சேர்ந்தது.

2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரால் தமிழ்ப் பெண் தொழிலாளர் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தபோது, போனசும் கூலியுமே கேட்டனர். 20 சதவீதம் பெற்றனர். நாட்கூலியும் 232 ரூபாயிலிருந்து 301 ஆயிற்று. அவ்வமைப்பின் சார்பில் 2016 சட்டமன்றத் தேர்தலில் ஜெ. ராஜேஸ்வரி போட்டியிட்டபோதோ வெற்றி கிட்டவில்லை. போராட்டத்தில் ஒன்றாயிருந்தோர் வாக்குச்சாவடியில் ஒன்றாயிருத்தல் எளிதன்று.

நம் பிள்ளைகளைத் தொடும் வழக்கு

2021இல் தேவிகுளத்தில் வென்ற ஏ. ராஜா சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி ஏற்றார் என்று கேட்டு நாம் மகிழ்ந்தோம். அத்தொகுதி பட்டியல் வகுப்பினர்க்கு ஒதுக்கப்பட்டது. அவர் கேரளத்தில் அவ்வகுப்பினராகக் கருதத் தக்கவரல்லர் என 2023 மார்ச்சில் உயர்நீதிமன்றம் தேர்தலை ரத்துச் செய்தது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, தேர்தல் செல்லும் என்றது. குடும்பம் 1950க்கு முன்பே இம்மண்ணுக்கு வந்ததா என்பது அவ்வழக்கின் முக்கியமான கேள்விகளுள் ஒன்று.

சட்டமன்ற உறுப்பினர்க்கே இந்நிலையெனின், கல்லூரி வாயிலில் சாதிச் சான்றிதழோடு நிற்கும் நம் பிள்ளையின் நிலை யாது? ஆகவே பாட்டன் காலத்து வேலைச் சீட்டு, பழைய ரேஷன் அட்டை, பள்ளிச் சான்று எதனையும் எறிந்துவிடாதீர். இச்சான்றிதழை வழங்குவது மாநில வருவாய்த் துறை. குடிபெயர்ந்த குடும்பங்களை அலைக்கழியாதிருக்க என்ன செய்வீர் என்பது வேட்பாளரிடம் கேட்கத் தகுந்த கேள்வி.

இனி நாம் செய்யத் தக்கவை

வேட்பாளர் வரும்போது மாலையோடு ஒரு தாளும் வைத்திருப்போம். வேலை என்றால்: எந்தத் துறையில், எத்தனை, எவ்வாண்டுக்குள்? வரி என்றால்: உம் சபை விதிக்கும் வரியா, பிறர் விதிப்பதா? அதைக் குறைப்பின் எச்செலவு குறையும்? ஊர்க் குறை என்றால்: முதலாண்டில் முடிப்பது எது? துறைமுகத்தையும் ரயில்வேயையும் பற்றிய குறைகளை நாடாளுமன்ற உறுப்பினருக்கும், விளக்கையும் சாக்கடையையும் மாநகராட்சி உறுப்பினருக்கும் எழுதுவோம். தமிழ் ஆசிரியர் என்னும் கோரிக்கையை இம்முறை முதல் வரியில் எழுதுவோம்.

எழுதும்போது தமிழிலேயே எழுதலாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியில் எழுதவும், அம்மொழியிலேயே பதில் பெறவும் உரிமை அளித்துள்ளது. பயன்படுத்தாத உரிமை துருவேறும்.

யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. நம்மில் பலர் இங்கே முப்பதாண்டு வாழ்ந்தும், வாக்கை ஊரிலேயே வைத்துள்ளோம். ஊர்ப்பற்று நன்றே. ஆயினும் ஒருவர்க்கு ஓரிடத்திலேதான் வாக்கு. வழக்கமாகக் குடியிருக்கும் இடமே அதற்குரிய இடம் என்பது சட்டம். பிள்ளை படிப்பது இங்கே, நோய்க்கு மருந்து வாங்குவது இங்கே, வரி செலுத்துவது இங்கே. வாக்கு மட்டும் அங்கேயாயின், வாயிலில் கைகூப்பி நிற்பவர் நம் மனுவை ஏன் படிக்க வேண்டும்?

குடிபெயர்ந்தோர் வாக்கை மாற்றிக்கொள்ளும் படிவத்தை நிரப்பச் சங்க அன்பர்கள் துணைநிற்கலாம். ஞாயிறு ஒன்றில் கூடி இப்பணியைத் தொடங்குவோம். தேவிகுளத்துக் கொழுந்து கிள்ளுவோர்க்கு இயன்றது நமக்கும் இயலும். அன்று கடைசி வரியில் வைத்ததால் நம் பிள்ளைகள் இழந்ததை, இனி வரும் பிள்ளைகளேனும் இழவாதிருப்பாராக!